வில்சனின் வீடும் அந்த உம்மாவின் வீடும்

(பூதப்பாண்டி ஜும்ஆ மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே, வாலிபச் சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள் என்று முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன். இன்று பேசப்போவது கொஞ்சம் கனமான விஷயம். வழக்கமாக இதைப் பள்ளிவாசல் மேடையில் பேச மாட்டார்கள். சாயாக்கடையில்கூட குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நான் குரலைத் தாழ்த்தாமல் பேச நினைக்கிறேன்.

2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு. நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டார். ராத்திரி வேலைக்குப் போன குடும்பத் தலைவர் திரும்பி வரவில்லை. சில நாட்களில் உடுப்பியில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். இருவரும் நம் மாவட்டத்துக்காரர்கள், நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. வழக்கு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் அந்தக் கொலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மனித குலம் முழுவதையும் கொன்றதற்குச் சமம் என்று சூரா மாயிதாவின் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வில்சன் ஒரு கிறிஸ்தவர், காக்கிச்சட்டை போட்டவர், அரசாங்கத்தின் ஆள் என்பதெல்லாம் அந்த வசனத்தில் விதிவிலக்குகளாக இல்லை. "ஆனாலும்" என்று ஆரம்பிக்கிற எவனையும் நம்பாதீர்கள்.

அந்த வாரத்து ஜும்ஆவில் இதை நான் சொன்னேன். இதே மேடையில்தான். சொல்லிவிட்டு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க விசாரணை நடந்தது. ஒரு கொலைக்குப் பிறகு விசாரணை நடக்காமல் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரையும் பேரையும் சொல்லவில்லை, நீங்களும் தேடாதீர்கள். ஒரு போன் நம்பர் விஷயமாகக் கேட்க வேண்டும் என்றார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள், வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சில நாட்களில் அவன் உம்மா வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாப்பா கடையில் சாமான் வாங்குகிறவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவனுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. இமாம் என்கிற முறையில் நானாவது போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. "சூழ்நிலை சரியில்லை ஹஜ்ரத்" என்று ஒருவர் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். பிற்பாடு அந்த உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வரலைன்னு எனக்குக் கோவம் இல்லை ஹஜ்ரத். பள்ளியில் துஆகூடச் செய்யலையே, அதுதான்" என்றார்கள். அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இன்றைய பேச்சு அந்த உம்மாவுக்கு நான் பட்ட கடன். வில்சன் குடும்பத்துக்காகப் பேசிய வாயால், அந்த உம்மாவுக்காகவும் பேச வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் பேச முடியாது என்றுதான் இந்த நாட்டின் அரசியல் நமக்குச் சொல்லித் தருகிறது. ஒரு பக்கம் நின்றால் தேசபக்தன், மறுபக்கம் நின்றால் தீவிரவாதிக்கு வக்காலத்து. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

சகோதரர்களே, சட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். சாதாரணக் குற்ற வழக்கில் ஒருவரைக் கைது செய்தால் 60 நாளிலோ 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. ஊபா என்று சொல்கிறோமே, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதில் இந்தக் காலத்தை 180 நாள் வரை நீட்டலாம். அதோடு 43டி (5) என்று ஒரு பிரிவு. குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கருதினால் ஜாமீன் கொடுக்கக் கூடாது. போலீஸ் தரப்புக் காகிதத்தைத்தான் அப்போது நீதிபதி பார்க்கிறார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டம் பல வருடம் கழித்துத்தான் வரும். அந்தப் பல வருடமும் ஆள் உள்ளே. தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை முடிந்துபோகிறது என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

இது எந்தக் கட்சி கொண்டுவந்த சட்டம் என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஊபா 1967இலிருந்தே இருக்கிறது. தடா 1985இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் வந்தது. பத்து வருடத்தில் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதில் பிடித்தார்கள், தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பொடா 2002இல் வாஜ்பாய் ஆட்சியில் வந்தது. 2004இல் பொடாவை ரத்து செய்தவர்களே அதில் பாதியை ஊபாவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 2008 நவம்பரில் மும்பையில் அந்தக் கொடூரம் நடந்தது. டிசம்பரிலேயே என்ஐஏ சட்டமும் நான் சொன்ன 43டி-யும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அப்போது காங்கிரஸ் ஆட்சி. 2019இல் ஓர் இயக்கத்தை மட்டுமல்ல, தனி மனிதரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்று பா.ஜ.க. அரசு திருத்தியது. மாநிலங்களவையில் காங்கிரஸும் ஆதரித்து வாக்களித்தது. இப்போது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், 113ஆம் பிரிவாக, பயங்கரவாதக் குற்றம் சாதாரணச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கறுப்புச் சட்டம், ஆளுங்கட்சியானால் அவசியமான சட்டம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். பிரியாணிப் பொட்டலத்தையும் நோன்புக் கஞ்சிப் போட்டோவையும் பற்றிக் கேட்டது போதும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்கள் நமக்கு எதிராக மட்டும் செய்யப்பட்டவை என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது முழு உண்மை இல்லை. இந்த ஊர்க்காரர் ஜீவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1907இல் இதே பூதப்பாண்டியில் பிறந்தவர். அவருடைய நாத்திகத்தில் நமக்கு உடன்பாடு இல்லை, அது வேறு. பகத்சிங் எழுதியதைத் தமிழில் மொழிபெயர்த்தார் என்பதற்காக வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் போட்டான். வெள்ளைக்காரன் போன பிறகு, சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தபோது, சுதந்திர நாட்டிலேயே தலைமறைவாகத் திரிந்தார். அதே மனிதர் 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். நேற்று அரசுக்கு ஆபத்தானவர், இன்று மாண்புமிகு உறுப்பினர்.

வைகோவைப் பாருங்கள். 2002இல் திருமங்கலத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். பேச்சுதான், வேறொன்றும் இல்லை. பொடாவில் 19 மாதம் வேலூர்ச் சிறை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தும் இந்தக் கதி. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும், ஒருவர் விடாமல், தூக்கு விதித்தது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. இது தடா குற்றமே இல்லை என்றும் சொன்னது. மேல்முறையீடு என்று ஒரு வழி இல்லாமல் இருந்திருந்தால்? திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுக்காக வேலை செய்தவர், 2020 அக்டோபரில் ஊபாவில் கைதானார். நடுக்குவாத நோயாளி, டம்ளரைப் பிடிக்கக் கை நிற்காது. தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ஆம் தேதி, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலேயே இறந்தார். இவர்களில் ஒருவரும் முஸ்லிம் அல்ல.

கடல் தாண்டி இலங்கையிலும் இதே கதைதான். அங்கே பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தமிழ் இளைஞர்களுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்டது. தற்காலிகம் என்றார்கள். நாற்பது வருடம் கழித்து, 2019 ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் அந்தப் படுபாதகம் நடந்தபோது, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று ஜம்மியத்துல் உலமா அறிவித்தது. அந்தக் கோபம் சரியான கோபம். ஆனால் அதன் பிறகு அந்தப் பழைய சட்டம் நம் மக்கள் பக்கம் திரும்பியது. அஹ்னாஃப் ஜஸீம் என்கிற இளம் ஆசிரியர், கவிதைத் தொகுதி ஒன்றை எழுதியவர். அந்தக் கவிதைகளில் தீவிரவாதம் இருக்கிறது என்று 2020 மேயில் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. தமிழில் எழுதிய கவிதையைச் சரியாகப் படிக்க ஓர் ஆள் கிடைக்க இத்தனை காலம்! 1979இல் அது தமிழர் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்தவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் நம்மவர்களுக்கு நடந்ததையும் மறைக்கக் கூடாது. அஹ்மதாபாதில் முஃப்தி அப்துல் கய்யூம் ஓர் ஆலிம், என்னைப் போல் மிம்பரில் நின்றவர். அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடாவில் பிடித்து, மரண தண்டனையும் விதித்தார்கள். கிட்டத்தட்ட 11 வருடம் சிறை. 2014 மே 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரையும் மற்ற ஐந்து பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. தேர்தல் முடிவு வந்த அதே நாள். நாடு முழுக்க டிவியில் வேறு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 33 உயிர்களைப் பறித்த தாக்குதலுக்கு யார் உடந்தை என்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. நிரபராதியைப் பிடித்தால் அநியாயம் இரண்டு பேருக்கு நடக்கிறது. பிடிபட்டவனுக்கு ஒன்று. உறவைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு இன்னொன்று. உண்மையான குற்றவாளி அவர்கள் கண் முன்னால் தப்பிப் போகிறான்.

மார்க்கம் என்ன சொல்கிறது? சூரா நிஸாவில் 105ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். மதீனாவில் ஒரு கவசம் திருடு போனது. எடுத்தவன் அன்ஸாரிகளில் ஒருவன், முஸ்லிம் பெயர் தாங்கியவன். பிடிபடப்போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு யூதர் வீட்டில் கவசத்தைப் போட்டுவிட்டுப் பழியை அவர் மேல் சுமத்தினான். அவன் கூட்டத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து "நம்ம பையன், அவனுக்காகப் பேசுங்கள்" என்றார்கள். தஃப்ஸீர்களில் விரிவாக இருக்கிறது. அல்லாஹ் வஹீ இறக்கினான். யூதர் நிரபராதி. மோசடிக்காரர்களுக்காக வாதாடாதீர் என்று தன் தூதருக்கே கட்டளையிட்டான். மதீனாவில் யூதர்களோடு பதற்றம் இருந்த காலம் அது. "நம் ஆளை விட்டுக்கொடுக்கலாமா" என்கிற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. "எதிரியின் ஆள்தானே, உள்ளே கிடக்கட்டும்" என்கிற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று மாயிதாவின் 8ஆம் வசனம். இது நமக்கும்தான், நம்மை ஆள்கிறவர்களுக்கும்தான்.

அலீ (ரலி) அவர்களின் காலத்தில் கவாரிஜ்கள் கிளம்பினார்கள். இஸ்லாமிய வரலாற்றின் முதல் தீவிரவாதக் கூட்டம். கலீஃபாவையே காஃபிர் என்றார்கள். பள்ளிவாசலில் அவர் பேசும்போது எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். இன்றைக்கு ஒரு முதலமைச்சர் பேசும்போது அப்படிச் செய்து பாருங்கள்! அலீ (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், எங்களோடு சேர்ந்திருக்கும்வரை பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்த மாட்டோம், நீங்கள் ஆரம்பிக்காதவரை நாங்கள் போருக்கு வர மாட்டோம் என்று மூன்று வாக்குறுதி கொடுத்தார்கள். கருத்துக்காகக் கைது இல்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அனுப்பிப் பேசவைத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பினார்கள். பிறகு மிச்சமிருந்தவர்கள் அப்துல்லாஹ் இப்னு கப்பாப் என்பவரையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றார்கள். அப்போதும் அலீ (ரலி) அவர்கள் முதலில் கேட்டது கொலையாளிகளை ஒப்படையுங்கள் என்றுதான். மறுத்தார்கள். அதன் பிறகே நஹ்ரவான் போர். பேச்சு எங்கே முடிகிறது, ரத்தம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்தக் கோட்டை அவர்கள் பார்த்துக் கிழித்தார்கள். கோட்டைத் தாண்டியவர்களிடம் இரக்கம் காட்டவும் இல்லை.

கடைசியில் ஹிஜ்ரி 40இல், கூஃபாவில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இப்னு முல்ஜம் விஷம் தோய்த்த வாளால் அவர்களை வெட்டினான். மரணப் படுக்கையில் கிடந்துகொண்டு சொன்னார்கள்: அவனுக்கு நல்ல உணவும் தண்ணீரும் கொடுங்கள். நான் பிழைத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இறந்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் தண்டனை. அமீர் கொல்லப்பட்டார் என்று சொல்லிக்கொண்டு மக்களின் ரத்தத்தில் இறங்காதீர்கள், சித்திரவதை செய்யாதீர்கள். இப்படிச் சொல்லிவிட்டு அல்லாஹ்விடம் போனார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோவை ஞாபகம் வரும். 1997 நவம்பரில் காவலர் செல்வராஜை ஒரு கூட்டம் கொன்றது. அதற்குப் பழியாக 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் அந்தக் கொலைக்கும் என்ன சம்பந்தம்? அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14இல் குண்டுகள். 58 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் எதற்கும் என்ன சம்பந்தம்? ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆனில் எத்தனை இடத்தில் வருகிறது! அந்த வழக்கில் மதானி ஒன்பது வருடத்துக்கு மேல் கோவைச் சிறையில் இருந்து, 2007இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அதே தீர்ப்பில் 158 பேர் குற்றவாளிகள் என்றும் முடிவானது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்கிற நம் பேச்சாளர்களையும், இரண்டாவதை மட்டும் சொல்கிற டிவிக்காரர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை.

யூசுஃப் (அலை) அவர்களைக் கொஞ்சம் நினையுங்கள். நிரபராதி என்பதற்கான அடையாளங்களைக் கண்ட பிறகும் சில காலம் உள்ளே வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். விசாரணையில்லாக் காவல் இன்று நேற்று வந்ததல்ல! வருடங்கள் கழித்து ராஜா கூப்பிட்டு அனுப்பியபோது, உடனே ஓடி வந்தார்களா? இல்லை. முதலில் அந்தப் பெண்களின் விஷயத்தை விசாரியுங்கள் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள். சலுகை வேண்டாம், வழக்கை நடத்து என்றார்கள். நாமும் அதைத்தான் கேட்க வேண்டும். முஸ்லிம் என்பதால் விடு என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. முஸ்லிம் என்பதால் பிடிக்காதே, பிடித்தால் வழக்கைச் சீக்கிரம் நடத்து என்று கேட்கிற உரிமை அரசியல் சாசனத்தில் இருக்கிறது. நீண்ட காலம் விசாரணையில்லாமல் இருந்தால் ஊபா வழக்கிலும் ஜாமீன் கொடுக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா நீதிபதிகளும் ஒரே மாதிரி பின்பற்றுவதில்லை என்றாலும், கதவு இருக்கிறது.

வாலிபர்களே, உங்களிடம் தனியாக. இரவு இரண்டு மணிக்குப் போனில் உங்கள் ரத்தத்தைச் சூடேற்றுகிறவன் யாரென்று உங்களுக்குத் தெரியாது. முகம் இல்லை, ஊர் இல்லை, உஸ்தாத் யாரென்று சொல்ல மாட்டான். அவன் சொல்கிற ஹதீஸை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். என்ன கேட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். ஃபலஸ்தீனைப் பற்றிக் கேளுங்கள், பாபரி மஸ்ஜிதைப் பற்றிக் கேளுங்கள். பள்ளிவாசலில் கேட்க முடியாத கேள்வியைத்தான் பிள்ளைகள் வேறெங்கோ கொண்டுபோகிறார்கள். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. யாராவது ஆயுதம், பழிவாங்கல் என்று பேசினால், அந்தக் குரூப்பைவிட்டு வெளியே வருவது மட்டும் போதாது, பெரியவர்களிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது அல்ல. அநியாயம் செய்கிற சகோதரனின் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

பெற்றோர்களே, போலீஸ் வந்தால் பதறாதீர்கள், வாய்த்தகராறு செய்யாதீர்கள், பையனை ஓடவிடாதீர்கள். கைது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊபா வழக்கிலும் அப்படித்தான் என்று 2024 மேயில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட, 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காவலில் இருப்பவருக்கு இலவசம். எழுதாத வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பொய்யும் சொல்லாதீர்கள், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நேற்று இரவு பேசினேன். யார் வீட்டில் இப்படி நடந்தாலும், அன்றைக்கே நிர்வாகத்திலிருந்து இரண்டு பேரும் இமாமும் அந்த வீட்டுக்குப் போவது என்று முடிவாகியிருக்கிறது. குற்றம் செய்தானா இல்லையா என்று நாம் விசாரிக்கப் போகவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. வீட்டில் உலை கொதிக்கிறதா, வக்கீல் இருக்கிறாரா, சின்னப் பிள்ளைகள் மதரஸாவுக்கு வருகிறார்களா என்று பார்க்கத்தான். அதேபோல இந்த வட்டாரத்தில் வன்முறையில் யார் வீட்டில் உயிர் போனாலும், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், அந்த வீட்டுக்கும் போவோம். இதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தொழுகை முடிந்ததும் என்னிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அஸ்ருக்குப் பிறகு ஒரு வக்கீல் மதரஸா கட்டடத்தில் சட்டம் பற்றி விளக்குகிறார். பெண்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறோம். நான் சொன்னதில் பிழை இருந்தால் அவர் திருத்துவார்.

யா அல்லாஹ்! வில்சனின் குடும்பத்தாருக்கும், குண்டுகளிலும் கலவரங்களிலும் உறவுகளைப் பறிகொடுத்த எல்லோருக்கும் ஆறுதலைக் கொடுப்பாயாக! செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்களை வெளியே கொண்டுவருவாயாக! அவர்களுடைய தாய்மார்களின் கண்ணீரைத் துடைப்பாயாக! எங்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்களாகவும் ஆக்கிவிடாதே, கொலைகாரர்கள் என்று பொய்ப் பழி சுமப்பவர்களாகவும் ஆக்கிவிடாதே! அன்றைக்கு நாங்கள் கேட்காமல் விட்ட துஆவை இன்றைக்கு ஏற்றுக்கொள்வாயாக!

ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.